விலை பேசி முடித்த பிறகு வாங்குபவர் புதிதுபுதிதாகக் கேட்டால்?

கேள்வி, ஜனவரி 6

வீட்டை விற்க விலை பேசி முடித்துவிட்டோம். முன்பணமும் வாங்கியாகிவிட்டது. இப்போது வாங்குபவர் ஒவ்வொன்றாகக் கேட்க ஆரம்பித்திருக்கிறார். வீடு முழுக்க அவர் சொல்லும் நிறத்தில் பெயின்ட் அடித்துத் தர வேண்டுமாம். ஃபிரிட்ஜை விட்டுவிட்டுப் போக வேண்டுமாம். பாக்கிப் பணம் தருவதற்கு முன்பே சாவி வேண்டுமாம். போதாததற்கு விலையில் இன்னும் 5 சதவீதம் குறைக்கச் சொல்கிறார். வீட்டில் எல்லோரும் "போனால் போகட்டும், முடித்துவிடு" என்கிறார்கள். எல்லா இடத்திலும் இப்படித்தான் நடக்குமா?

ஜனவரி 6

நான்கையும் ஒரே மூட்டையாகக் கட்டிப் பார்க்காதீர்கள். வாங்குபவர் அடுக்கடுக்காகக் கேட்கும்போது நமக்கு வரும் கோபமும் மொத்தமாக வருகிறது. அந்தக் கோபத்தில் கொடுக்கக்கூடியதை மறுத்துவிட்டு, கொடுக்கவே கூடாததைக் கொடுத்துவிடுவோம்.

ஃபிரிட்ஜ் ஒரு பொருள். அதற்கு ஒரு விலை உண்டு, பேசிக்கொள்ளலாம். பெயின்ட் பணமும் நாளும் கேட்கும் வேலை. அதையும் பேசலாம், ஆனால் வேறு மாதிரி. 5 சதவீதத்தைப் பற்றி நாளை விரிவாக எழுதுகிறேன்.

சாவி மட்டும் கூடாது. முழுப் பணம் கைக்கு வந்து பத்திரம் பதிவாகும் வரை சாவி உங்களிடமே இருக்கட்டும். உள்ளே வந்துவிட்ட ஒருவருக்கு மீதிப் பணத்தைக் கட்ட அவசரமே இராது. அதுவரை உங்கள் பின்னால் ஓடியவர், அன்று முதல் உங்களைத் தன் பின்னால் ஓட வைப்பார். பேரம் முறிந்தால் அவரை வெளியேற்ற வழக்கு வரை போக வேண்டியிருக்கும். நடுவில் சுவரை உடைத்திருந்தால், மின் வேலை செய்யும்போது தீப்பிடித்தால், பொறுப்பு யாருடையது? வீட்டுக் காப்பீடு எடுத்தவர் நீங்கள். உள்ளே வேலை செய்பவர்கள் அவருடைய ஆட்கள். இழப்பீடு கேட்டுப் போனால் காப்பீட்டு நிறுவனம் முதலில் எழுப்பும் கேள்வியே அதுதான்.

அளவெடுக்க வேண்டும், தச்சரைக் கூட்டிவந்து காட்ட வேண்டும் என்றால் தாராளமாக வரட்டும். நீங்கள் உடன் இருக்கும் நேரத்தில்.

ஜனவரி 7

சரி, அந்த 5 சதவீதம்.

அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: விலை பேசிய நாளுக்குப் பிறகு உங்களுக்குப் புதிதாக என்ன தெரிந்தது?

பதில் இருந்தால் உட்கார்ந்து பேசுங்கள். பதில் இல்லாமல் "கொஞ்சம் பார்த்துச் செய்யுங்கள்" என்று மட்டும் வந்தால் பேச ஒன்றுமில்லை. கேட்பு பெரிதா சிறிதா என்பதை வைத்து அது நியாயமா இல்லையா என்று நான் பார்ப்பதில்லை. முதல் நாளில் பாதி விலைக்குக் கேட்டால்கூட அது தவறல்ல. நீங்கள் மறுத்துவிட்டு அடுத்தவரிடம் போகலாம். ஆனால் மற்ற எல்லோரையும் நீங்கள் திருப்பி அனுப்பிய பிறகு, அடுத்த வீட்டுக்கு நீங்களே முன்பணம் கட்டிய பிறகு, புதிய காரணம் எதுவும் இல்லாமல் 1 சதவீதம் குறைக்கச் சொன்னாலும் அது அநியாயம்தான். உங்களுக்கு வேறு வழி இல்லை என்பது ஒன்றுதான் அங்கே காரணம்.

எங்கள் பெற்றோர் வாழ்ந்த வீட்டை நானும் அண்ணனும் விற்றபோது இதை நேரில் பார்த்தோம். விலை முடிந்தது. வாங்குபவர் ஒரு பொறியாளரை அழைத்துவந்து வீட்டைச் சோதித்தார். அது அவர் உரிமை. பக்கம் பக்கமாக ஓர் அறிக்கை வந்தது, அதன் கடைசியில் விலைக்குறைப்பு கேட்டு ஒரு தொகை. அண்ணன் அதைப் படித்துவிட்டு "அப்படியானால் வீடே வேண்டாம் என்று போகச் சொல்" என்றான்.

நாங்கள் அந்தப் பட்டியலைப் பிரித்தோம். முதல் தடவை வந்தபோதே கண்ணுக்குத் தெரிந்தவை ஒரு பக்கம்: வாசற்கதவின் கீறல், மாடிப்படி ஓரத்தில் உடைந்த ஓடு, பழைய ஜன்னல்கள். அதையெல்லாம் பார்த்துத்தானே விலை சொன்னார். வீட்டின் வயதுக்கு இயல்பானவை இன்னொரு பக்கம்: பூச்சில் மயிரிழை விரிசல், தேய்ந்த தரை. பழைய வீடு என்று சொல்லித்தான் பழைய வீட்டின் விலையைக் கேட்டிருந்தோம். மிஞ்சியது ஒன்றுதான். குளியலறைச் சுவருக்குள் குழாய் கசிந்து, மறுபக்க அறையின் அலமாரிக்குப் பின்னால் ஈரம் ஏறியிருந்தது. எங்களுக்கே தெரியாது. அது உண்மையான, மறைந்திருந்த, பணம் தின்னும் குறை.

இரண்டு பேரிடம் அதைச் சரிசெய்ய மதிப்பீடு வாங்கி, அதிகமான தொகையை விலையில் கழிக்கிறோம் என்று எழுதிக் கொடுத்தோம். மற்றவை எதற்கும் குறைக்க மாட்டோம் என்றும், எதற்கு ஏன் என்றும் அதே கடிதத்தில் எழுதினோம். ஒத்துக்கொண்டார். அவர் கேட்டதில் சிறு பங்குதான் அது. ஆனால் தான் கண்டுபிடித்தது மதிக்கப்பட்டது என்பது அவருக்கு முக்கியமாக இருந்தது என்று நினைக்கிறேன்.

ஜனவரி 7, இரவு

ஒன்று விட்டுப்போனது. குறையை ஒத்துக்கொண்டால் பணமாகக் கழியுங்கள், நீங்களே ஆள் வைத்துச் செய்து தராதீர்கள். உங்களுக்குத் திருப்தியான வேலை அவருக்குத் திருப்தியாக இராது. டைல்ஸ் நிறம் சேரவில்லை, பூச்சு சரியில்லை என்று அதிலிருந்து புதிய பட்டியல் முளைக்கும். பெயின்டுக்கும் இதே பதில்தான். அவர் வீட்டுக்கு அவர் நிறம், அவர் வந்தபின் அடித்துக்கொள்ளட்டும். ரொம்ப வற்புறுத்தினால் ஒரு சிறு தொகை பேசுங்கள்.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. குறையைச் சரிசெய்தால்தான் கடன் தருவேன் என்று அவருடைய வங்கி சொல்லியிருந்தால், பத்திரத்துக்கு முன்பே வேலை முடிந்தாக வேண்டும். அப்போது என்ன வேலை, எந்தப் பொருள், யார் பார்த்துச் சரி என்பார்கள் என்று எழுதிக்கொண்டு செய்யுங்கள்.

ஜனவரி 9

வங்கி மதிப்பீடு குறைவாக வந்ததால் விலையைக் குறைக்கச் சொல்கிறார்கள், இதுவும் அடாவடிதானா என்று ஒருவர் கேட்டிருக்கிறார்.

இல்லை. இது வேறு. வங்கி தன் மதிப்பீட்டாளர் சொன்ன தொகையை வைத்துத்தான் கடன் தரும். பேசிய விலைக்கும் அதற்கும் இடைவெளி விழுந்தால் அந்த இடைவெளியை வாங்குபவர் கைப்பணத்தால் நிரப்ப வேண்டும். பெரும்பாலானவர்களிடம் அது இருக்காது. ஏமாற்றுவதற்காக அவர் கேட்கவில்லை, உண்மையிலேயே பணம் போதவில்லை.

ஆனாலும் மதிப்பீட்டு அறிக்கையைக் கண்ணால் பாருங்கள். வாய்வார்த்தையாக விடாதீர்கள். பரப்பளவு சரியாக எழுதியிருக்கிறதா, மாடி அறை விட்டுப்போயிருக்கிறதா, அண்மையில் அருகே விற்ற வீடுகள் எவற்றோடு ஒப்பிட்டிருக்கிறார்கள் என்று சரிபாருங்கள். தவறு இருந்தால் மறுமதிப்பீடு கேட்கலாம். இல்லையென்றால் இடைவெளியை இருவரும் பகிர்ந்துகொள்வது நியாயமான வழி. அடுத்து வருபவருடைய வங்கியும் அதே மாதிரி ஓர் ஆளைத்தான் அனுப்பப் போகிறது என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

ஜனவரி 10

"பேசி முடித்தாச்சு" என்று எல்லோரும் எழுதுகிறோம். எப்போது முடிந்தது என்பது நாட்டுக்கு நாடு மாறும். அநியாயக் கேட்புகள் நுழைவதும் இந்த இடைவெளியில்தான்.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் விலைக்கு ஒத்துக்கொண்டாலும், கையெழுத்திட்ட ஒப்பந்தங்களை இரு தரப்பும் மாற்றிக்கொள்ளும் வரை யாரையும் அது கட்டுப்படுத்தாது. அந்த நாள் நெருங்கும்போது வாங்குபவர் திடீரென்று விலையை இறக்குவது அங்கே நன்கு அறிந்த தொல்லை. பக்கத்திலேயே ஸ்காட்லாந்தில் இரு தரப்பு வழக்கறிஞர்களும் எழுதிக்கொள்ளும் கடிதங்களால் ஒப்பந்தம் முடிவாகிறது. முடிவான பின் பின்வாங்கினால் நஷ்டஈடு கொடுக்க நேரும். ஜெர்மனியில் நோட்டரி முன் எழுதாத வீட்டு ஒப்பந்தம் செல்லாது. பிரான்ஸில் கையெழுத்திட்ட பிறகும் வாங்குபவருக்கு மட்டும் 10 நாள் அவகாசம் உண்டு, காரணமே சொல்லாமல் விலகிக்கொள்ளலாம்.

ஆகவே கேள்வி கேட்டவர் முதலில் பார்க்க வேண்டியது, முன்பணம் வாங்கியபோது எதில் கையெழுத்திட்டார் என்பதை. அதில் விலை, கெடு, முறிந்தால் முன்பணம் என்னாகும் என்ற மூன்றும் இருந்தால் அவர் நிலை பலமானது. வெறும் ரசீது மட்டும் என்றால் இன்றே ஒரு வழக்கறிஞரிடம் காட்டுவது நல்லது.

ஜனவரி 12

ஃபிரிட்ஜ் பற்றிக் கேட்டதிலிருந்து பொருள்கள் பக்கம் பேச்சு திரும்பிவிட்டது. நல்லதுதான், பெரிய தொகையில் ஒத்துப்போனவர்கள்கூடத் திரைச்சீலைக்காக முகம் திருப்பிக்கொண்டதைப் பார்த்திருக்கிறேன்.

வீட்டோடு சேர்ந்தது எது, சேராதது எது என்ற சண்டை மிகப் பழையது. 1872இல் ஹாலண்ட் எதிர் ஹாட்ஜ்சன் என்ற இங்கிலாந்து வழக்கில், ஓர் ஆலையின் தரையில் ஆணி அடித்து நிறுத்திய தறிகள் கட்டடத்தைச் சேர்ந்தவையா என்ற கேள்வி வந்தது. சேர்ந்தவையே என்று தீர்ப்பானது. எவ்வளவு உறுதியாகப் பொருத்தியிருக்கிறது, எந்த நோக்கத்துக்காகப் பொருத்தியிருக்கிறது என்ற இரண்டையும் பார்க்க வேண்டும் என்பது அதிலிருந்து வந்த அளவுகோல். இன்றைக்கும் அதையே சொல்கிறார்கள்.

அதன்படி சுவரோடு கட்டிய அலமாரி, வாஷ்பேசின், தண்ணீர்த் தொட்டி ஆகியவை வீட்டோடு போகும். ஃபிரிட்ஜ், கட்டில், மேசை போகாது. ஏசி, மின்விசிறி, சரவிளக்கு, இன்வெர்ட்டர், கேமராக்கள் எல்லாம் நடுவில் நிற்பவை. இவற்றுக்குச் சட்டத்தைத் தேடாமல் ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். "இருக்கும்" என்று ஒரு வரிசை, "எடுத்துப் போவோம்" என்று ஒரு வரிசை.

எங்கள் வீட்டில் அம்மாவின் புத்தக அலமாரி இருந்தது. தனியாக நிற்பதுதான், ஆனால் பார்ப்பவர்களுக்குச் சுவரோடு கட்டியது போலத் தெரியும். வீடு பார்க்க வந்த எல்லோரும் அதைத் தொட்டுப் பார்த்தார்கள். அதனால் முதல் நாளே அதில் ஒரு சீட்டு ஒட்டினோம்: இது விற்பனைக்கு இல்லை. அதைப் பற்றி யாரும் பிறகு பேசவே இல்லை.

ஜனவரி 13

இதுவரை எழுதியதை மறுபடி படித்தேன். வாங்குபவர்கள் எல்லோரும் தந்திரக்காரர்கள் என்பது போல ஒரு தொனி வந்திருக்கிறது. எனக்கு அப்படித் தோன்றவில்லை.

அவர் பக்கத்திலிருந்து பாருங்கள். வாழ்நாளில் வாங்கும் மிகப் பெரிய கடனில் கையெழுத்திடப் போகிறார். சிலமுறை மட்டும் பார்த்த வீடு. உங்களுக்கு அதன் ஒவ்வொரு சத்தமும் தெரியும், அவருக்கு எதுவும் தெரியாது. பல கேட்புகள் அந்தப் பயத்திலிருந்து வருகின்றன. இரண்டு வருடத்துக்குள் கூரை ஒழுகினால் நீங்கள்தான் சரிசெய்து தர வேண்டும் என்று ஒருவர் எங்களிடம் கேட்டார். அப்படி உறுதி தர முடியாது, விற்ற வீட்டைப் பராமரிப்பது என் கையில் இல்லை. ஆனால் கூரை வேலை செய்த ரசீதுகளையும் செய்தவரின் தொலைபேசி எண்ணையும் எடுத்துக் கொடுத்தேன். மழை நாளில் வந்து பாருங்கள் என்றும் சொன்னேன். அதற்குப் பிறகு அவர் உத்தரவாதத்தைப் பற்றிப் பேசவில்லை.

தெரிந்த குறையை மறைப்பது இதற்கு நேர் எதிர். இந்தியாவில் 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டம், பிரிவு 55, விற்பவருக்குத் தெரிந்து, வாங்குபவர் சாதாரணக் கவனத்தோடு பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாத முக்கியமான குறைகளைச் சொல்லியே ஆக வேண்டும் என்கிறது. அமெரிக்காவில் 1978க்கு முன் கட்டிய வீடு என்றால் ஈயம் கலந்த பெயின்ட் பற்றித் தெரிந்ததைச் சொல்ல வேண்டும், சோதித்துப் பார்க்க 10 நாள் தர வேண்டும். இதையெல்லாம் கேட்கும் வாங்குபவரை அடாவடிக்காரர் என்று சொல்லவே கூடாது.

நம் பக்கத்துக் கோணலும் ஒன்று இருக்கிறது. 1990இல் கானமன், நெட்ச், தேலர் மூவரும் வெளியிட்ட ஆய்வில் பாதி மாணவர்களுக்குக் காபிக் கோப்பைகளைக் கொடுத்து, அதை விற்க என்ன விலை கேட்பார்கள் என்று பார்த்தார்கள். கோப்பை கிடைக்காதவர்கள் தர முன்வந்ததைப் போல ஏறக்குறைய இரு மடங்கு கேட்டார்கள், சற்றுமுன் கைக்கு வந்த கோப்பைக்கே! வீடுகளிலும் இது தெரிகிறது. 1990களில் பாஸ்டன் நகர அடுக்குமாடி விற்பனைகளை ஆராய்ந்து ஜெனிசோவும் மேயரும் 2001இல் எழுதினார்கள். வாங்கிய விலையை விடக் குறைவாக விற்க நேர்ந்தவர்கள், அதே மாதிரி வீட்டுக்கு மற்றவர்கள் கேட்டதை விட அதிக விலை கேட்டார்கள். சந்தைக்கு அவர்கள் என்ன கொடுத்து வாங்கினார்கள் என்பதில் அக்கறையே இல்லை.

அதனால் ஒரு கேட்பு வந்ததும் கோபம் வந்தால், நான் அந்த வீட்டை வாங்கப் போனால் இதைக் கேட்டிருப்பேனா என்று ஒரு நிமிடம் யோசிப்பேன். பல நேரம் கேட்டிருப்பேன்.

ஜனவரி 13, இரவு

கேள்வி கேட்டவருக்கு: அந்தச் சாவி ஏன் வேண்டும் என்று கேட்டீர்களா? வாடகை வீட்டைக் காலி செய்யும் நாள் நெருங்கியிருக்கலாம். அப்படியானால் பத்திரத் தேதியையே முன்னால் கொண்டுவர முடியுமா என்று பாருங்கள். அவருக்கு வேண்டியது கிடைக்கும், உங்கள் வீடும் பாதுகாப்பாக இருக்கும்.

ஜனவரி 15

மரம் வெட்டும் விஷயம் எழுதியிருந்த நண்பருக்கு. பத்திரத்துக்கு முன்பே முன்புறத்து மரத்தை வெட்டித் தர வேண்டும் என்று கேட்கிறாராம். தயவுசெய்து செய்யாதீர்கள். நாளை அவர் விலகிப்போனால் மரமும் இல்லை, விற்பனையும் இல்லை. அடுத்து வருபவர் அந்த நிழலுக்காகவே வீட்டை விரும்பியிருக்கலாம். திரும்பக் கொண்டுவர முடியாத எதையும், மதிற்சுவரை இடிப்பதோ கிணற்றை மூடுவதோ அறையைப் பிரிப்பதோ, பணம் கைமாறும் முன் தொடக்கூடாது. பல ஊர்களில் மரம் வெட்ட அனுமதியும் தேவை. அது இல்லாமல் வெட்டினால் அபராதம் அவருக்கு வராது, உங்களுக்கு வரும்.

ஜனவரி 16

பத்திரத்தில் குறைத்துக் காட்டி மீதியை ரொக்கமாகத் தருகிறேன் என்பதும் ஒரு கேட்புதான். முடியாது என்று சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போங்கள். அது வரி ஏய்ப்பு, மாட்டினால் விற்றவரும் சேர்ந்தே மாட்டுவார். இன்னொன்றும் உண்டு: நாளை தகராறு வந்தால் நீதிமன்றம் பார்க்கப்போவது பத்திரத்தில் உள்ள தொகையைத்தான்.

ஜனவரி 18

"தரகரே குறைத்துக் கொடுக்கச் சொல்கிறார், அவருக்கும் விலை கூடினால்தானே கமிஷன் கூடும்?"

கூடும், ஆனால் மிகச் சிறிதளவு. விலை 5 சதவீதம் குறைந்தால் உங்களுக்கு அது பெரிய தொகை. தரகருக்குத் தன் கமிஷனில் இருபதில் ஒரு பங்கு. பேரம் முறிந்தால் அவருக்கு முழுக் கமிஷனும் போகும். அதனால் அவர் மனம் முடிப்பதிலேயே இருக்கும். லெவிட்டும் சிவர்சனும் 2008இல் வெளியிட்ட ஆய்வில் சிகாகோ வட்டாரத்தில் ஏறக்குறைய ஒரு லட்சம் வீட்டு விற்பனைகளைப் பார்த்தார்கள். தரகர்கள் தங்கள் சொந்த வீட்டை விற்கும்போது சுமார் 9.5 நாள் கூடுதலாகக் காத்திருந்து, 3.7 சதவீதம் கூடுதல் விலை பெற்றிருக்கிறார்கள். எங்கள் தரகர் நல்ல மனிதர், நிறைய உதவினார். இருந்தாலும் எந்தக் கேட்புக்கும் அவர் மூலம் பதில் சொல்வதை ஒரு கட்டத்தில் நிறுத்திவிட்டு, வாங்குபவருக்கு நேரடியாக எழுத்தில் அனுப்பி அவருக்கு நகல் கொடுத்தோம். பாதி குழப்பம் அதோடு போயிற்று.

ஜனவரி 21

தன் பழைய வீடு விற்றால்தான் இதை வாங்க முடியும், அதுவரை வேறு யாருக்கும் காட்டாதே என்று கேட்பவர்களைப் பற்றி.

கேட்பதில் தப்பில்லை, பலருக்கு வேறு வழியும் கிடையாது. ஆனால் கெடு இல்லாமல் ஒத்துக்கொண்டால் உங்கள் வீடு அவர் வீட்டுக்குப் பின்னால் வரிசையில் நிற்கும். அமெரிக்காவில் இதற்கு ஒரு நல்ல ஏற்பாடு இருக்கிறது. விற்பவர் தொடர்ந்து வீட்டைக் காட்டலாம். இன்னொருவர் நல்ல விலையோடு வந்தால் முதலாமவருக்குத் தகவல் தர வேண்டும். அவர் குறித்த நேரத்துக்குள், பெரும்பாலும் 48 அல்லது 72 மணி நேரத்துக்குள், அந்த நிபந்தனையை விட்டுவிட்டு வாங்க வேண்டும் அல்லது வழிவிட வேண்டும். எங்கே இருந்தாலும் இதை ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளலாம்.

காட்டவே கூடாது என்றால் அதற்கு விலை உண்டு: கணிசமான முன்பணம், ஒரு தேதி, அந்தத் தேதி தாண்டினால் முன்பணத்தில் எவ்வளவு உங்களுக்கு என்ற கணக்கு.

ஜனவரி 24

கேள்வி கேட்டவர் என்ன நடந்தது என்று எழுதியிருப்பதைப் பார்த்தேன். சாவி வேண்டுமென்றதற்கு நிஜமாகவே வாடகை வீட்டுக் கெடுதான் காரணமாம். தேதியை முன்னுக்குக் கொண்டுவந்ததும் 5 சதவீதம் தானாக 1 சதவீதத்துக்கு இறங்கியிருக்கிறது, ஃபிரிட்ஜ் உட்பட. அந்த 1 சதவீதத்தைக் கொடுப்பதா என்று கேட்கிறார்.

நான் கொடுப்பேன், இரண்டு நிபந்தனைகளோடு. இதுதான் கடைசி என்று அவர் எழுதிக் கையெழுத்திட வேண்டும். வங்கியின் கடன் ஒப்புதல் கடிதத்தையும் உங்களுக்குக் காட்ட வேண்டும். முதலாவதற்கு மறுத்தால் பதிவு அலுவலக வாசலில் இன்னொரு கேட்பு காத்திருக்கிறது என்று அர்த்தம். அப்போது அந்த 1 சதவீதத்தையும் கொடுக்காதீர்கள், பேசிய விலையிலேயே நில்லுங்கள். உங்கள் வீட்டை முன்பு பார்த்துவிட்டுப் போன மற்ற இருவரின் எண்களையும் அழித்துவிடாதீர்கள்.

கைமாற்றும் நாளுக்கு முந்தைய நாள் அவரையே வரவழைத்து எல்லா அறையையும் சுற்றிக் காட்டுங்கள். குழாய்கள், சுவிட்சுகள், அலமாரிகள், மின் மீட்டர், தண்ணீர் மீட்டர் எல்லாவற்றையும் தேதியோடு படம் எடுங்கள். "பார்த்தேன், இந்த நிலையில் ஏற்றுக்கொள்கிறேன்" என்று ஒரு வரி வாங்கிக்கொண்டு, மறுநாள் பணம் கணக்கில் வந்ததைப் பார்த்த பிறகு சாவியைக் கொடுங்கள்.